கொட்டுக்கு ஒரு அறை

(குமாரலிங்கபுரம் இரவுப் பள்ளியில் பாட்டுக்காரர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் வங்கியில் கிளார்க்காக இருக்கிறவன். கவிதையும் எழுதுவேன். ஒலிப்பதிவு எனக்குத் தொழில் இல்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கிராமங்களில் பாட்டுகளைச் சேகரிக்க அலைந்ததில் தெரிந்துகொண்டது கொஞ்சம், படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம். ‘நம்ம ஊரில் நாமே ஒரு சின்ன ஸ்டூடியோ கட்டினா என்னண்ணே?’ என்று தம்பிகள் கேட்டார்கள். கட்டலாம். எப்படிக் கட்டுவது என்று பேசுவதற்குத்தான் கூடியிருக்கிறோம். கூடவே, கட்டின பிறகு அந்த அறையின் சாவி யார் இடுப்பில் தொங்கும் என்பதையும் இன்றைக்கே பேசி முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். சுவர் எழும்பின பிறகு அதைப் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

முதலில் ஒரு கேள்வி. கையில் செல்போன் இருக்கும்போது ஸ்டூடியோ எதற்கு? கேட்க வேண்டிய கேள்விதான். இதற்குப் பதில் நம் வரலாற்றில் இருக்கிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ பத்திரிகை தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1920இல் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று பொருள். அன்றைக்குப் பத்திரிகைகளுக்கா பஞ்சம்? நிறைய இருந்தன. அவற்றில் நம்மைப் பற்றிய செய்தியும் சில சமயம் வந்தது. ஆனால் எதைப் போடுவது, எதை வெட்டுவது, என்ன தலைப்பு வைப்பது என்று முடிவு செய்கிற கை வேறொருவருடையதாக இருந்தது. அந்தக் கையை மாற்றத்தான் அவர்கள் பத்திரிகை நடத்தினார்கள். அச்சு அன்றைக்குச் செய்த வேலையை இன்றைக்கு ஒலிப்பதிவு செய்துகொண்டிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத நம் அப்பத்தாவுக்கு அச்சைவிட இது நெருக்கமானதும்கூட. செல்போனில் பதிவு செய்யலாம்தான். அது துண்டுக் காகிதத்தில் எழுதி வைப்பது மாதிரி. போன் மாறினால் போயிரும். இம்மானுவேல் சேகரன் நினைவுநாளுக்குப் பரமக்குடி போகிற வேன்களில் பாடப்படுகிற பாட்டுகளில் எத்தனை இன்றைக்குக் கேட்கிற மாதிரி இருக்கின்றன? யோசித்துப் பாருங்கள்.

எங்கள் குழுவுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு டவுனில் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து ஸ்டூடியோ எடுத்தோம். நாற்று நடவுப் பாட்டும் தாலாட்டும் பாடுகிற நான்கு பெண்கள், தப்படிக்கிற மூன்று பேர். உள்ளே போனதும் பதிவாளர் சொன்ன முதல் வார்த்தை: ‘இந்தக் கொட்டு வேண்டாம், ரொம்ப இரைச்சல். ரிதம் நான் கீ-போர்டில் போட்டுக்கிறேன்.’ அடுத்து பாட்டுக்காரப் பெரியம்மாவிடம், ‘அம்மா, அந்த வார்த்தையைக் கொஞ்சம் நல்ல தமிழில் சொல்லுங்க.’ மூன்றாவதாக, தப்பு இறங்கிப்போச்சு, காய்ச்சணும் என்றதற்கு, ‘இங்கே தீயா? வெளியே போங்கய்யா.’ அந்த மனிதரை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் படித்த பாடம் அப்படி. கர்நாடக சங்கீதக் கச்சேரிக்கும் சினிமாப் பாட்டுக்கும் தோதாகக் கட்டப்பட்ட அறையில் நம் வாத்தியம் இரைச்சலாகத்தான் கேட்கும். சத்தத்துக்கும் இசைக்கும் நடுவில் கோடு கிழிப்பதிலும் சாதி வேலை செய்கிறது தோழர்களே. அந்த அறை சொல்லாமல் சொன்னது அதைத்தான்.

இனி, வீட்டிலேயே ஸ்டூடியோ கட்டியவர்களைப் பார்ப்போம். நம் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஏ.ஆர்.ரகுமான். 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டு வளாகத்திலேயே பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்று ஒரு பதிவுக்கூடம் கட்டினார். விளம்பரப் படங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த இளைஞர். 1992இல் ‘ரோஜா’ வந்தது. அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். கருவிகள் நம்மால் வாங்க முடியாதவை, அதை விடுங்கள். அவருக்கு அந்த அறை கொடுத்த பெரிய சொத்து நேரம். இத்தனை மணிக்குள் முடி என்று யாரும் கதவைத் தட்டவில்லை. ராத்திரி முழுக்க ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கலாம். நமக்கும் இதுதான் வேண்டும். எழுபது வயசு அப்பத்தா வந்து உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, மருமகளைப் பற்றி நாலு வார்த்தை பேசி, முதல் பாட்டை எடுக்கிறதுக்குள் அரைநாள் போயிரும். மணிக்கணக்கு வாடகை அறையில் அந்த அரைநாளுக்கு இடமே கிடையாது.

இன்னொரு உதாரணம் கடல் தாண்டி, ஜமைக்காவில். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட கறுப்பின மக்களின் பிள்ளைகள் வாழ்கிற தீவு. தலைநகர் கிங்ஸ்டனில் லீ பெர்ரி என்கிற இசைக்காரர் 1973இல் தன் வீட்டுக் கொல்லையில் ஒரு சின்னப் பதிவுக்கூடம் கட்டினார். பெயர் பிளாக் ஆர்க், கறுப்புப் பேழை. பெரிய கம்பெனிகளில் பதினாறு தடம் ஓடுகிற இயந்திரம் இருந்த காலத்தில் அவரிடம் இருந்தது நான்கு தடம் மட்டும் பதிகிற டேப் இயந்திரம். 1976இல் போலீசையும் ரௌடிகளையும் பற்றி ஜூனியர் மர்வின் பாடிய பாட்டு அந்தக் கொல்லையில் பதிவானதுதான். அது லண்டன் தெருக்கள் வரை போய், அடுத்த வருசமே வெள்ளைக்கார இளைஞர் குழு ஒன்று அதைத் தானும் பாடிப் பதிவு செய்தது. பாப் மார்லியும் அந்தக் கொல்லைக்கு வந்து பாடியிருக்கிறார். வீட்டுக் கொல்லையிலிருந்து உலகத்துக்குக் கேட்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் பக்கத்திலும் ஒரு மரபு இருக்கிறது. சிவகங்கைச் சீமை மாரந்தையில் பிறந்த கே.ஏ.குணசேகரன், இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டைப் பாடினார். கேசட்டில் அது எத்தனை சேரிகளுக்குப் போனது என்று கணக்கு யாரிடமும் இல்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நாம் பரட்டை அண்ணன் என்று கூப்பிடுகிறவர், நாட்டுப்புற மெட்டைத்தான் பிடித்துக்கொண்டார். ஏன்? விலை உயர்ந்த வாத்தியம் வேண்டாம், யார் வேண்டுமானாலும் பாடலாம், பாடுகிறவர் தன் சொல்லை அதில் போட்டு மாற்றலாம் என்றார். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடை ஏறியபோது கானாவும் பறையும் ராப்பும் ஒன்றாக நின்றன. நாம் புதிதாக எதையும் தொடங்கவில்லை. இந்த வரிசையில் ஒரு ஊராகச் சேருகிறோம்.

சரி, அறைக்கு வருவோம்.

ஒலிப்பதிவு அறைக்கு இரண்டு வேலை. வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது; உள்சத்தம் சுவரில் மோதிக் குழம்பக்கூடாது. இரண்டும் வேறு வேறு வேலை. முட்டை அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டினால் ஸ்டூடியோ ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். முட்டை அட்டையால் வெளிச்சத்தத்தைத் தடுக்க முடியாது. உள்ளேயும் கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் குடிக்கும், அவ்வளவுதான். எளிதில் தீப்பிடிக்கும் என்பது உபரி.

வெளிச்சத்தத்தைத் தடுப்பது கனம். கனமான சுவர், சந்து இல்லாத கதவு. காற்று போகிற இடமெல்லாம் சத்தமும் போகும். எங்கள் வங்கியில் பெட்டக அறைக் கதவை மூடினால் வெளியே நடக்கிற சண்டைகூடக் கேட்காது. காரணம் இரும்பின் கனமும் விளிம்பு பொருந்துகிற பொருத்தமும்தான். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசுங்கள். பலகைக் கதவில் இன்னொரு பலகையை அறைந்து கனமாக்குங்கள். விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுங்கள். கதவுக்கு அடியில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் செய்த வேலையில் பாதி வீண்.

இங்கே ஒரு விசயம். மண்சுவர் வீடு என்றால் நமக்குக் கேவலம். காலனி வீடு, கான்கிரீட் வீடு என்றால்தான் மதிப்பு. அதில் நியாயம் இருக்கிறது. மழையில் கரைந்த சுவருக்குள் வாழ்ந்தவர்கள் நாம். ஆனால் ஒலிப்பதிவுக்கு அந்த ஒன்றரை அடி மண்சுவர் நல்ல சுவர். கனமானது, சொரசொரப்பானது. கூரை மட்டும் ஓலையாகவோ தகரமாகவோ இருந்தால் உதவாது, அதைக் கனமாக மாற்ற வேண்டும். இடியாமல் நிற்கிற பழைய மண்சுவர் வீடு யாரிடமாவது சும்மா கிடந்தால், அதை இடிப்பதற்கு முன்னால் இந்தக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

அடுத்து உள்சத்தம். காலனி வீட்டு அறை 10 அடி நீளம், 10 அடி அகலம், உயரமும் ஏறக்குறைய 10 அடி. பதிவுக்கு இதைவிட மோசமான அளவு கிடையாது. ஏன் என்று மாணவர்களுக்காகக் கணக்காகவே சொல்கிறேன். நம்ம வெயிலில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடும். 10 அடி என்பது சுமார் 3 மீட்டர். சுவருக்குச் சுவர் போய்த் திரும்ப 6 மீட்டர். 350ஐ 6ஆல் வகுத்தால் 58. வினாடிக்கு 58 தடவை அதிர்கிற கனத்த ஒலி அந்த அறையில் தானாகப் பெருத்துக்கொள்ளும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று பக்கமும் அதே ஒலியையே பெருக்கும். தவிலின் தொப்பிப் பக்கமும் உறுமியும் கும்மென்று குழம்புவது இதனால்தான். நீளமும் அகலமும் உயரமும் ஒன்றுக்கொன்று மாறியிருக்கட்டும். 13 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம் என்று இருந்தால் போதும். சதுர அறைதான் கிடைத்தது என்றால் ஒரு சுவர் முழுக்கப் புத்தக அலமாரி வையுங்கள். இரவுப் பள்ளியின் புத்தகமும் இருந்த மாதிரி ஆச்சு, ஒலியும் சிதறும். நான்கு மூலையிலும் தடிமனான மூட்டை வையுங்கள். கனத்த ஒலி மூலையில்தான் போய்க் குவியும்.

மூட்டைக்குள் என்ன? டவுன்காரர்கள் பாறைப் பஞ்சு, கண்ணாடிப் பஞ்சு என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். நாம் இருப்பது நூற்பாலைகளும் தறிகளும் உள்ள பூமி. மில் கழிவுப் பஞ்சு இங்கே மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. மரச்சட்டம் அடித்து, 4 அங்குலக் கனத்துக்குப் பஞ்சை அடைத்து, மேலே சாக்கோ பழைய சேலையோ இழுத்துக் கட்டி, சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி மாட்டுங்கள். அந்த இடைவெளியும் வேலை செய்யும். காசில்லாமல் தடிமன் கூடின மாதிரி. ஆனால் பஞ்சு நெருப்புக்குச் சொந்தக்காரன். வெங்காரமும் போரிக் பவுடரும் கரைத்த தண்ணீரில் நனைத்து நன்றாகக் காயவைத்து அடைத்தால் சட்டென்று பற்றாது. மின்கம்பி அதன் பக்கம் போகக்கூடாது. கதவருகே மணல் வாளி இருக்க வேண்டும். எல்லாச் சுவரையும் மூடிவிடாதீர்கள். முழுக்கப் பஞ்சடைத்த அறையில் பாடுகிறவருக்குத் தன் குரலே செத்த மாதிரிக் கேட்கும். பாதிச் சுவர் மூடினால் போதும், தரை வெறுமனே இருக்கட்டும்.

கதவை அடைத்தால் சித்திரை மாதத்தில் உள்ளே அவிந்துபோவோம். மின்விசிறி போட்டால் அதன் இரைச்சல் பதியும். ஆகவே பாட்டுக்கு நடுவே விசிறி, பாடும்போது அமைதி. வெயில் ஏறுவதற்கு முன் விடிகாலை நல்ல நேரம். கோழி கூவினால் கூவட்டும். பழைய சோக் வைத்த டியூப் லைட் வேண்டாம், அது இரையும். வீட்டு எர்த் சரியில்லை என்றால் பதிவு முழுக்க உம்மென்று ஒரு சத்தம் ஓடும்; எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு முதலில் எர்த்தைச் சரிபாருங்கள். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து பிடுங்கி பேட்டரியில் ஓட்டினாலே பாதி இரைச்சல் போகும்.

தப்பை இந்த அறைக்குள் பதிவு செய்யாதீர்கள் என்பது என் யோசனை. அது தெருவுக்கும் வெளிக்கும் செய்யப்பட்ட வாத்தியம். பக்கத்தில் நின்று கேட்டால் 100 டெசிபலைத் தாண்டும். அதைச் சின்ன அறையில் அடைத்தால் அடிகளின் இடைவெளி தெரியாமல் ஒரே குவியலாகக் கேட்கும். நம் கம்மாய் வருசத்தில் பாதிக்கு மேல் காய்ந்துதான் கிடக்கிறது. அந்தக் காய்ந்த கம்மாய்க்குள் நடுவில் நின்று பாருங்கள். சுவர் இல்லை, எதிரொலி இல்லை. கோடி ரூபாய் ஸ்டூடியோ தேடுகிற வெறுமை அங்கே சும்மா கிடக்கிறது. காற்று அடங்கின நேரமாகப் பார்த்து, மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி போட்டு, ஆறடி தள்ளி இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்யலாம். பக்கத்தில் வைக்கோல் போட்டுத் தீ மூட்டிக் காய்ச்சலாம், எவனும் வெளியே போ என்று சொல்ல மாட்டான். கம்மாய் பொதுச்சொத்து. அங்கே நம் கொட்டுச் சத்தம் நம் விருப்பத்துக்குக் கேட்பதே ஒரு செய்திதான்.

மைக் விசயத்தில் ஏமாறாதீர்கள். டைனமிக் மைக், கன்டென்சர் மைக் என்று இரண்டு வகை. கன்டென்சருக்கு 48 வோல்ட் தனியாகக் கொடுக்க வேண்டும். மெல்லிய குரலையும் மூச்சையும் பிடிக்கும். அறையின் குறைகளையும் சேர்த்தே பிடிக்கும். டைனமிக் உறுதியானது, பலத்த சத்தத்தைத் தாங்கும், விலை குறைவு. 1960களின் நடுவில் வந்த ஷூர் எஸ்.எம்.57, 58 இரண்டும் இன்றைக்கும் மேடைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலில் இரண்டு டைனமிக் மைக் போதும். இரண்டு மைக் மாட்டுகிற ஒரு ஆடியோ இன்டர்பேஸ், காது மூடுகிற ஹெட்போன், ஒரு லேப்டாப். 2011 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்பே வேலை செய்கிற நிலையில் இருந்தால் இதற்குப் போதும். ‘ஆடாசிட்டி’ என்கிற மென்பொருள் 2000இல் இருந்து இலவசமாகக் கிடைக்கிறது. பதியும்போது சத்தத்தின் உச்சி எல்லையைத் தொடாமல் கீழேயே இருக்கட்டும்; குறைவாகப் பதிந்ததை ஏற்றலாம், கிழிந்ததைத் தைக்க முடியாது. எம்.பி.3இல் பதியாதீர்கள், வேவ் கோப்பாகப் பதியுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்தால் ஒரு மைக்குக்கு ஒரு மணி நேரத்தில் 500 எம்.பி.க்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் பிடிக்கும். எப்போதும் மூன்று பிரதி. அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். நம் சேரிகள் கொளுத்தப்பட்ட வரலாறு தெரிந்தவர்களுக்கு இதன் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பணத்துக்கு என்ன செய்வது? பத்து ரூபாய் இருந்தால் நாலு ரூபாய் அறைக்கு, இரண்டு மைக்குக்கும் கம்பிக்கும், இரண்டு இன்டர்பேஸுக்கும் ஹெட்போனுக்கும், ஒன்று பிரதி வைக்கிற டிஸ்க்குக்கு, மிச்சம் ஒன்று பாட வருகிறவர்களின் கூலிக்கும் சோற்றுக்கும். கடைசி ஒரு ரூபாயை எக்காரணம் கொண்டும் வெட்டக்கூடாது. வங்கிக்காரன் என்பதால் கடனைப் பற்றியும் கேட்பீர்கள். முத்ரா திட்டத்தில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு. 2023இல் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் கொண்டுவந்த தொழில் திட்டத்தில் முதலீட்டில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஒரு தம்பியோ தங்கச்சியோ இதைத் தொழிலாகச் செய்ய நினைத்தால் தாராளமாக அந்தத் திட்டங்களுக்குப் போகலாம், விண்ணப்பம் எழுத நான் வருகிறேன். ஆனால் ஊருக்கான இந்த அறையைக் கடனில் கட்டாதீர்கள். கடனுக்கு மாதத் தவணை உண்டு. தவணைக்கு வருமானம் வேண்டும். வருமானத்துக்காக, கேட்கிறவன் கேட்கிற பாட்டையெல்லாம் பதிவு செய்ய வேண்டிவரும்.

எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுகிறேன். கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் ஆண்ட பரம்பரைப் பாட்டுகளை ஒலிபெருக்கியில் போட்டு நம் தெருப் பக்கம் திருப்பி வைக்கிறார்கள். அதனால் எத்தனை ஊரில் கைகலப்பு வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பதிலாக நாங்களும் ஆண்டோம் என்று நம் பிள்ளைகள் பாடத் தொடங்கியிருக்கிறார்கள். சாதிக்குச் சாதியால் பதில் சொல்கிற பாட்டுக்கு இந்த அறையில் இடம் கொடுக்கக்கூடாது. ஆண்ட கதை யாருக்கு வேண்டும்? உழைத்த கதை நம்மிடம் இருக்கிறது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். ‘தப்பு அடிப்பதே இழிவு என்று குச்சியைத் தூக்கிப் போட்டு வந்திருக்கிறோம், நீங்கள் திரும்ப அதை எடுத்துக் கொடுக்கிறீர்களா?’ என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நான் அவர்களை மறுக்கவில்லை. சாவு வீட்டில், நின்றபடி, கூப்பிட்ட நேரத்துக்கு, போட்ட கூலிக்கு அடித்த கை இனி அடிக்க மாட்டேன் என்று சொன்னது பெரிய போராட்டம். அடிக்க மறுத்ததற்காக அடிபட்ட ஊர்கள் உண்டு. அந்த மறுப்புக்குக் கீழேதான் இந்த அறை நிற்க வேண்டும். யார் பிணத்துக்கும் இல்லாமல், தன் பெயரைச் சொல்லி, தன் குருவின் பெயரைச் சொல்லி, இந்த அடிக்கு இது பெயர் என்று விளக்கி, கூலி பேசி, வேண்டாம் என்றால் எழுந்துபோகிற உரிமையோடு ஒருவர் அடிப்பது வேறு. அந்த வித்தியாசம் பதிவில் கேட்க வேண்டும். அதற்குத் தயாராக இல்லாத அண்ணனை யாரும் வற்புறுத்தக்கூடாது.

ஒப்பாரிக்கு வருவோம். வீட்டு ஸ்டூடியோ என்கிறோம். வீட்டுக்குள் உட்கார்ந்து ஒப்பாரி பாடச் சொன்னால் எந்த அத்தை பாடுவார்? சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடினால் ஆகாது என்பார். மூடநம்பிக்கை என்று கேலி பேசாதீர்கள். அவருக்கு அந்தப் பாட்டு உயிருள்ள ஒன்று; இறந்துபோன மகனோடு பேசுகிற பேச்சு. ஆகவே இந்த அறை யாருடைய வீட்டோடும் ஒட்டாமல் தனிச்சுவரோடு இருக்கட்டும். இளவட்டங்கள் கேரம் ஆடுகிற மன்றத்துக்குப் பின்னால் கட்டினால் பெண்கள் வரவே மாட்டார்கள். சாவி பெண்களிடம் இருக்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மெஷினை ஓட்டவும் இரண்டு தங்கச்சிகளுக்கு முதலில் கற்றுக்கொடுங்கள். பாடுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பதிவு செய்கிறவர்கள் மட்டும் ஏன் எல்லோரும் ஆண்கள்? நம் மாவட்டத்தில் பிறந்த பாமா 1992இல் ‘கருக்கு’ எழுதியபோது, வீட்டுப் பேச்சை அப்படியே அச்சில் ஏற்றலாமா என்று மூக்கைச் சுளித்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பேச்சுக்கு இன்றைக்கு உலகம் முழுக்க வாசகர்கள். மைக் முன்னால் நல்ல தமிழில் சொல்லுங்கள் என்று நம் அறையில் யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது.

கடைசியாகச் சட்டம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். 1957 காப்புரிமைச் சட்டப்படி ஒரு ஒலிப்பதிவின் ஆசிரியர் யார் தெரியுமா? பாடியவர் இல்லை, கொட்டு அடித்தவர் இல்லை. அதைத் தயாரித்தவர். முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவர்தான் தயாரிப்பாளர், அவரே சட்டத்தின் கண்ணில் ஆசிரியர். வெளியான பிறகு 60 வருசம் அந்த உரிமை அவருக்கு. 1994இல் செய்த திருத்தத்தில்தான் பாடகருக்கும் வாசிப்பவருக்கும் நிகழ்த்துவோர் உரிமை என்று ஒன்று வந்தது. 2012 திருத்தம் அவர்களின் பெயரைச் சொல்ல வேண்டும், வணிகப் பயன்பாட்டில் பங்கு தர வேண்டும் என்கிற அளவுக்குப் போனது. ஆனால் பாட்டுப் பரம்பரையாக வந்தது, எழுதியவர் பெயர் இல்லை என்றதும், கம்பெனிகள் ‘கிராமியப் பாடல்’ என்று உறையில் போட்டுவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். கிராமம் பாடாது தோழர்களே. பெயருள்ள ஒரு பெண் பாடினாள்.

இதைவிட முக்கியம்: நாளைக்கு நாம் அறை கட்டிப் பதிவு செய்யத் தொடங்கினால், சட்டப்படி தயாரிப்பாளர் நாம். அதாவது அப்பத்தாவின் பாட்டுப் பதிவுக்கு ஆசிரியர் நாம் ஆகிவிடுவோம். எவனோ பிடுங்கினதை நாம் பிடுங்கின மாதிரி ஆகும். ஆகவே பதிவுப் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் ஒரு தாள் எழுத வேண்டும். பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், யார் யார் கேட்கலாம், விற்றால் யாருக்கு எவ்வளவு பங்கு, அழிக்கச் சொன்னால் அழிக்கப்படும் என்ற உறுதி. கையெழுத்துத் தெரியாதவரிடம் கைநாட்டு மட்டும் வாங்காதீர்கள். வங்கியில் கைநாட்டு வைத்தவர்கள் எதற்கு வைத்தோம் என்று தெரியாமல் நிற்பதை நான் பார்க்கிறேன். தாளை உரக்கப் படித்துக் காட்டி, அவர் தன் குரலிலேயே ‘சம்மதம்’ அல்லது ‘இதுக்கு மட்டும் சம்மதம்’ என்று சொல்வதைப் பதிவு செய்யுங்கள். அறையின் முதல் பதிவு அதுவாக இருக்கட்டும்.

ஒரே பாட்டை அடுத்த வருசம் அவரே வேறு மாதிரிப் பாடுவார். எது சரி என்று கேட்காதீர்கள். இரண்டையும் தேதி போட்டு வையுங்கள். பதிவு பாட்டைக் கல்லாக்கிவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. மாறுவதற்கு இடம் விட்டால்தான் அது நம் பாட்டு.

அறை எழும்புவதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. 1990களின் கூட்டப் பேச்சுகள், பாட்டுகள், கல்யாண வீட்டுப் பதிவுகள் என்று கேசட்டுகள் நம் பரண்களில் கிடக்கின்றன. வெயிலும் பூசணமும் வருசா வருசம் அவற்றைத் தின்கின்றன. இந்த மாதம் வீடு வீடாகப் போய் அவற்றைக் கேட்டு வாங்குவோம். யாருடையது, எந்த வருசம், யார் குரல் என்று ஒரு நோட்டில் எழுதுவோம். ஓடுகிற ஒரு டேப் ரெக்கார்டரைத் தேடி, தலையைச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றாக லேப்டாப்பில் ஏற்றுவோம். அந்த நோட்டையும் அறைச் சாவியையும் வைத்துக்கொள்ளப் போகிற இரண்டு பெண்கள் யார் என்று இன்றைக்கே, இந்தக் கூட்டம் கலைவதற்குள் பேசி முடிவு செய்யுங்கள். மண்சுவர் வீடு எது என்று அப்புறம் பார்ப்போம்.